போனில் நெட் வருது... கம்ப்யூட்டரில் மட்டும் வரலையா? ஆளைக் கூப்பிடும் முன் வயரைப் பாருங்க!

``போன்ல எல்லாம் ஓடுது... கம்ப்யூட்டர்ல மட்டும் நெட் வரலை!''

இந்தப் புகாரைக் கேட்காத கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார். ஸ்ரீரங்கத்தில் இதற்கு ஒரு காரணம் கூடுதல். உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் அகலத்தில் குறுகி, நீளத்தில் போய்க்கொண்டே இருப்பவை. திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். கேபிள் நுழையும் தெருப்பக்கத்தில் ரவுட்டர், கூடம் தாண்டிய அறையில் கம்ப்யூட்டர், நடுவில் தடித்த சுவர்கள். வைஃபை அலை இவற்றைக் கடப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால்தான் நிலைப்படி ஓரமாகவும் தாழ்வாரத்து விட்டத்தை ஒட்டியும் லேன் கேபிளை இழுத்து, கம்ப்யூட்டரில் செருகி வைக்கிறார்கள். அந்த கேபிளுக்கு ஏதாவது ஆனால்தான் வம்பு.

`நெட் இல்லாட்டா என்ன, போன்ல பார்த்துக்கலாம்' என்பது எல்லோருக்கும் சரிப்படாது. பொன்மலை ரயில்வே பணிமனையிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர் திருச்சி. மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். 2014 நவம்பரில் `ஜீவன் பிரமாண்' திட்டம் வந்த பிறகு, கைரேகைக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகி வீட்டிலிருந்தே அனுப்ப முடிகிறது. சான்று போய்ச் சேராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். திருச்சிக்கு வடகிழக்குப் பருவமழையும் இடியும் வருவது அதே மாதங்களில்தான். பென்ஷன் இல்லாத வீட்டில் டி.என்.பி.எஸ்.சி விண்ணப்பத்தின் கடைசி நாளோ, ஆன்லைன் வகுப்போ இருக்கும்.

இப்படி ஒரு நாளில் நெட் நின்றால், பலரும் செய்வது ஒன்றுதான். ரவுட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு, இருக்கிற வயரையெல்லாம் பிடுங்கிச் செருகுவது. சில சமயம் சரியாகிவிடும். ஆகாவிட்டால், பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது முன்பைவிடக் கஷ்டம். கம்ப்யூட்டரில் தொடங்கித் தெரு நோக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொண்டு போவதுதான் வழி. பழுது கம்ப்யூட்டரிலா, கேபிளிலா, ரவுட்டரிலா, தெருவிலா என்பது தெரிந்தால்தான் யாரைக் கூப்பிடுவது, யாருடைய செலவு என்பதும் தெரியும்.

பின்பக்கம் ஒரு குட்டி விளக்கு

டெஸ்க்டாப்பின் பின்பக்கம் லேன் கேபிளைச் செருகும் துளையை ஒட்டி, பச்சையிலோ ஆரஞ்சிலோ ஒரு சின்ன விளக்கு இருக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது அது எரிகிறதா என்று டார்ச் இல்லாமலேயே பார்த்துவிடலாம். எரியவில்லை என்றால் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே தொடர்பே இல்லை என்று அர்த்தம். எரிந்தும் நெட் வரவில்லை என்றால், வயரை விட்டுவிட்டு மேலே போகலாம்.

விளக்கு எரியாததற்கு முதல் சந்தேகம், கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப். செருகும்போது `டிக்' என்று சத்தம் வர வேண்டும். கிளிப் உடைந்திருந்தால் பார்ப்பதற்குச் செருகியதுபோலவே இருக்கும். பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே தளர்ந்துவிடும். முனையை மட்டும் வெட்டிப் புதிதாகப் போட்டுத் தருவார்கள், முழு கேபிளையும் மாற்றத் தேவையில்லை. கிளிப் நன்றாக இருந்தால் ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு வேறு கேபிள். அந்த கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் இன்னும் தெளிவு. லேப்டாப்பில் வந்தால் கேபிள் குற்றவாளி அல்ல.

எலியும் அணிலும் கடிப்பது, கதவிடுக்கில் நசுங்குவது, ஆணி அடிக்கும்போது துளைபடுவது என்று கேபிளுக்கு ஆபத்து பல. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். எலி மற்ற நான்கில் ஒன்றைக் கடித்தால் நெட் நிற்காது, 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். 300 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு, `கம்பெனிக்காரன் ஏமாத்துறான்' என்று திட்டிக்கொண்டிருப்போம். விண்டோஸில் `செட்டிங்ஸ்', `நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', `ஈதர்நெட்' என்று போனால் `லிங்க் ஸ்பீடு' என்ற வரி இருக்கும். எல்லாம் ஜிகாபிட் கருவியாக இருந்தும் அங்கே 100 என்று காட்டினால், திட்டு வாங்க வேண்டியது கேபிள்.

அதே பக்கத்தில் `ஐபிவி4 அட்ரஸ்' என்றும் ஓர் எண் இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் பதில் சொல்லாததால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டது என்று பொருள். இப்போதுதான் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட வேண்டும். கம்ப்யூட்டரை `ஷட்டவுன்' செய்வதைவிட `ரீஸ்டார்ட்' கொடுங்கள். இப்போதைய விண்டோஸில் `ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இருப்பதால், ஷட்டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து அப்படியே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

முகவரி சரியாக இருந்தும் இணையதளங்கள் திறக்காவிட்டால், திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஜோக் இல்லை! பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் `சிஆர்2032'. அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் கம்ப்யூட்டரின் நாட்காட்டி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழின் தேதியோடு அது ஒத்துப்போகாததால், வங்கி தொடங்கி எல்லாத் தளங்களும் கதவைச் சாத்தும். நெட்டில் பழுதே இருக்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

இடி இடித்த மறுநாள்

ராத்திரி இடி, காலையில் லேன் விளக்கு எரியவில்லை. கேபிளை மாற்றியும் பலனில்லை, லேப்டாப்பில் அதே கேபிளில் நெட் வருகிறது. அப்படியென்றால் போனது டெஸ்க்டாப்பின் லேன் துளை.

ஃபைபர் கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் ஃபைபர் பெட்டிக்கு மின்சாரம் வீட்டு பிளக்கில் இருந்துதான் வருகிறது. சில இடங்களில் உள்ளூர் கேபிள்காரர்கள் தெருக் கம்பத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து வீட்டுக்கு லேன் கேபிளையே இழுத்திருப்பார்கள். அது செம்பு, இடி நேரத்தில் மின்அதிர்வை நேரே வீட்டுக்குள் கொண்டுவரும். இடி மழையின்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றி வைக்க வேண்டும், அதுவும் இடி தொடங்கும் முன்பே.

போன பிறகு? `மதர்போர்டே மாத்தணும்' என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் மற்றபடி நன்றாக ஓடுகிறது என்றால், யுஎஸ்பி துளையில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கினாலே வேலை முடிந்தது. உள்ளே பொருத்தும் தனி லேன் கார்டும் கிடைக்கிறது. மதர்போர்டு விலையில் இது சிறு பங்குதான்.

இனி உங்கள் கையில் இல்லை

ஃபைபர் பெட்டியில் `லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், தெருவிலிருந்து ஒளியே வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் மெல்லிய கேபிள் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். அதைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பது கூடாது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் சமயத்தில் இது நடந்தால் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. தேர் வரும் வீதிகளில் குறுக்கே தொங்கும் கேபிள்களை முன்கூட்டியே அகற்றிவிடுவார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை நினைத்தால், இரண்டு நாள் நெட் இல்லாததற்குக் குறைபட்டுக்கொள்ள மனம் வராது. தேர் நிலைக்கு வந்த பிறகும் கேபிள் திரும்பக் கட்டப்படவில்லை என்றால் விஷயம் வேறு!

புகார் சொல்லும்போது `நெட் வரலை' என்று மட்டும் சொன்னால், `ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதில்தான் பேச்சு தொடங்கும். `சிவப்பு விளக்கு எரியுது' என்று சொல்லுங்கள், ஆள் அனுப்புவார்கள். போனை வைக்கும் முன் புகார் எண்ணை வாங்கி எழுதிவைப்பது முக்கியம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளின்படி, பிராட்பேண்ட் பழுதைச் சரிசெய்ய 3 நாளுக்கு மேல் ஆனால், வாடிக்கையாளருக்கு நிறுவனம் ஈடு தர வேண்டும். புகார் எண் இல்லாமல் எத்தனை நாள் என்று நிரூபிக்க முடியாது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இந்த எண்ணைச் சொல்லித்தான் முறையிட வேண்டும்.

விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள் என்றால், ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் டெஸ்க்டாப்பில் இணைத்து, போனின் `ஹாட்ஸ்பாட்' பக்கத்தில் `யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் அதை லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். போனின் கேபிள் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே ஆன ரகமாக இருந்தால் இது வேலை செய்யாது. போனோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.