மழை நாளிலும் உலை கொதிக்க வேண்டும்

வானம் பார்த்த பூமி நம் சிவகாசி. மழை வேண்டும் என்றே எல்லோரும் வேண்டுகிறோம். ஆயினும் ஐப்பசியில் மேகம் கறுத்தால் நம் ஊரில் பல தாய்மார்களின் முகமும் வாடிவிடுகிறது. ஏன் தெரியுமா?

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வெயில் வேண்டும். மருந்து இட்டவை நன்கு காய்ந்தால்தான் அடுத்த வேலை நடக்கும். ஈரக்காற்று மருந்தைக் கெடுக்கும். இடி மின்னலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே மழை வந்தால் வேலை நிற்கிறது. செய்த அளவுக்கே கூலி பெறும் வீட்டில் அன்று கூலி இல்லை. கூலி இல்லையேல் உலையும் இல்லை. அத்தகைய நாளில் பள்ளியில் கிடைக்கும் மதிய உணவே ஒரு குழந்தையின் முழு உணவாகிவிடுகிறது.

பசித்த வயிற்றில் படிப்பு ஏறாது என்பதை உணர்ந்தவர் விருதுநகர் ஈன்ற பெருந்தலைவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் பிறந்தது. 2024-ல், காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று, ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

திட்டம் தந்தவர்களை நாம் அறிவோம். அதை மழையிலும் வெயிலிலும் நடத்துவோரை அறிவோமா? அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் ஆகியோரின் கைகளிலேதான் அந்த உணவு உருவாகிறது.

மழைக்காலத்தில் அவர்களுடைய முதல் கவலை அரிசி மூட்டை. தரையிலோ சுவரிலோ படாமல் பலகைமேல் அடுக்கவேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பருப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடவேண்டும். குடிநீரைக் கொதிக்க வைத்தே தரவேண்டும். முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பார்த்தால், கெட்டது மிதந்து தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

கோடையில் தொல்லை வேறு விதம். சமைத்த சோறும் குழம்பும் விரைவில் கெட்டுப்போகும். எனவே முன்கூட்டியே சமைத்து வைக்காமல், சாப்பாட்டு நேரத்தை ஒட்டிச் சமைத்துச் சூட்டோடு பரிமாற வேண்டும். காய்ந்த காலத்தில் நெருப்பும் பகையே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை மறக்கலாகுமா? சமையற்கூடம் வகுப்பறையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இத்தனை செய்தும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பெருமழை என்றால் பள்ளிக்கு விடுமுறை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தென் மாவட்டங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. விடுமுறை நமக்கு மகிழ்ச்சி. ஆனால் கூலியும் நின்று, பள்ளிச் சோறும் நின்றால், அந்தக் குழந்தை எங்கே போகும்?

இதற்கும் வழி உண்டு. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, சத்துணவு உண்ட பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு முதலியன உலர் பொருளாக வழங்கப்பட்டன. பிள்ளை உணவைத் தேடி வர இயலாதபோது, உணவு பிள்ளையைத் தேடிச் செல்லலாம் அல்லவா?

அரசு செய்வது ஒரு புறம் இருக்கட்டும். நம் பாட்டிமார் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதற்குப் பிடியரிசி என்று பெயர். புரட்டாசி முதல் நம் வீடுகளிலும் அப்படிச் சேர்த்தால், அடைமழை நாளில் பக்கத்து வீட்டு அடுப்பும் புகையும். தோழியரே, இன்றே அம்மாவிடம் ஒரு கலயம் கேட்போமா?