அரை அண்டா சாதம்: 22ஆம் குரோமோசோமில் என்ன நடக்கிறது?

கல்யாணச் சமையலுக்கு இரண்டு பேரை அமர்த்தியிருக்கிறோம். ஆளுக்கொரு சமையல் நோட்டு, இரண்டிலும் அதே பதார்த்தங்கள். சாதம் என்றால் இவர் அரை அண்டா வடிப்பார், அவர் அரை அண்டா வடிப்பார். குழந்தையின் செல்லுக்குள்ளும் இப்படித்தான். அம்மா கொடுத்த குரோமோசோம் ஒரு நோட்டு, அப்பா கொடுத்தது இன்னொன்று.

ஒரு நோட்டில் சில பக்கங்கள் காணாமல் போனால் சமையல் அடியோடு நின்றுவிடாது. அந்தப் பதார்த்தங்கள் பாதிதான் வரும். ஊறுகாய் பாதி வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாதம் பாதி வந்தால் பந்தி நின்றுவிடும். டிஜார்ஜ் சிண்ட்ரோம் என்று முன்பு சொல்லப்பட்ட 22க்யூ11.2 குறைபாட்டின் சூட்சுமம் இந்தப் பாதி அளவுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு விடுபடுவது சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட பகுதி. அதில் பல மரபணுக்கள்.

அவற்றில் சாதம் போன்றது டிபிஎக்ஸ்1. கருவில் கழுத்துப் பகுதி உருவாகும் முதல் சில வாரங்களில் அது முழு அளவில் வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள், தைமஸ், பாராதைராய்டு, மேலண்ணம் எல்லாம் உருப்பெறுவது அந்த வட்டாரத்தில்தான். அதனால்தான் இதயக் கோளாறு, அடிக்கடி தொற்று, கால்சியம் குறைந்து வலிப்பு, மூக்கால் பேசுவது என்று ஒட்டும் உறவும் இல்லாதவை ஒரே குழந்தையிடம் சேர்கின்றன. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் வருவதில்லை.

ஏன் பெரும்பாலும் அதே பக்கங்கள் விடுபடுகின்றன? கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இரண்டு நோட்டுகளும் அருகருகே வந்து பக்கங்களை மாற்றிக்கொள்கின்றன. இந்த இடத்துக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான பக்கங்கள். இதன் முன்பக்கம் அதன் பின்பக்கத்தோடு தவறாக ஜோடி சேர்ந்தால், நடுவில் இருப்பவை ஒன்றில் விடுபடும், மற்றதில் இரட்டிப்பாகும். பத்தில் சுமார் ஒன்பது குழந்தைகளுக்கு இது புதிதாகவே நேர்கிறது. கருமுட்டையில் இந்தப் பரிமாற்றம் தொடங்குவதோ, அந்த அம்மா தன் தாய் வயிற்றில் இருக்கும்போது! கிரகணத்தன்று ஏன் வெளியே வந்தாய் என்று மருமகளைக் குடைபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சாதாரண கேரியோடைப் பரிசோதனையில் இவ்வளவு சிறிய இழப்பு பெரும்பாலும் தெரியாது. ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே கேட்க வேண்டும். போன பக்கங்களைத் திரும்ப ஒட்ட முடியாது. இதயத்துக்கு அறுவை சிகிச்சை, கால்சியத்துக்கு மருந்து, பேச்சுக்குப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம். எம்எம்ஆர் போன்ற உயிருள்ள தடுப்பூசிக்கு முன் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியைச் சோதிப்பது அவசியம். அம்மா, அப்பாவையும் சோதிப்பார்கள்; லேசான அறிகுறிகளோடு கண்டுபிடிக்கப்படாமலே வளர்ந்தவர்கள் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இந்த இழப்பு இருந்தால், அடுத்த குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.