ஆளில்லாத ஆட்டக்களம்



பழவேற்காட்டு ஏரிக்கரையில் பல ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். தகுதி ஏதும் இல்லை. ஆனால் ஒரு தேவை வந்தது. அதை முதலிற் கூறிவிடுகின்றேன்.

என்னிடம் பயின்ற மீனவக் குப்பத்து மாணவன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதும், வீடியோ விளையாட்டு உருவாக்கும் கலையைக் கற்க விரும்பினான். அதற்கெனத் தனியார் கல்லூரி ஒன்று கேட்ட கட்டணத்துக்காக வீட்டு நகைகளை அடகு வைக்க அவன் தந்தையும் ஒருப்பட்டிருந்தார். அதற்கிடையில் யாரோ அவரிடம், உலகப் பெருங்கம்பெனி ஒன்று பணத்தைக் கொட்டிச் செய்த விளையாட்டே இரண்டு வாரத்தில் மூடப்பட்டதெனச் சொல்லிவிட்டனர். ஒரு மாலைப்பொழுதில் தந்தையும் மகனும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். "ஐயா, கடலும் ஏரியும் எனக்குத் தெரியும், இது தெரியாது. நீங்க சொன்னா நகையை வைக்கிறேன்" என்றார் அவர். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் என் ஒரு சொல்லை எதிர்நோக்கி நின்றது. ஒரு வார அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் படித்தும் கேட்டும் நான் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். வீடியோ விளையாட்டில் இருவகை உண்டு. ஒன்று, புத்தகம் போன்றது. வாங்கியவன் தன் வீட்டிலிருந்து தனியே ஆடி முடிப்பான். மற்றொன்று, கூடிக் களிக்கும் திடல் போன்றது. உலகின் பல மூலைகளில் இருப்போர் இணையத்தின் வழியே ஒரே நேரத்தில் கூடி ஆடுவர். இத்திடல் கம்பெனியின் சர்வர்களில் இருக்கின்றது. கம்பெனியார் புதிய களங்களையும் புதிய மாந்தரையும் இடையறாது சேர்த்துக்கொண்டே இருப்பர்; சர்வரை நடத்தும் செலவும் ஊழியர் சம்பளமும் மாதந்தோறும் தொடரும். இவ்வகையை இடையறாச் சேவை விளையாட்டு என்று நாம் கூறலாம். புத்தகம் விற்காவிடினும், வாங்கிய ஒருவன் அதைப் படிக்கலாம். திடலில் ஆள் சேராவிடில் வந்த ஒருவனாலும் ஆட இயலாது. இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்தி எளிதில் விளங்கும்.

அந்த விளையாட்டின் பெயர் கான்கார்ட். அமெரிக்காவில், 2018-இல் தோன்றிய ஃபயர்வாக் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் அதை உருவாக்கியது. 2023-இல் ஜப்பானியப் பெருநிறுவனமான சோனி அதனை விலைக்கு வாங்கியது. ஐவர் ஓரணியாக, மற்றோர் ஐவரை எதிர்த்துச் சுடும் ஆட்டம் அது. 2024 ஆகஸ்டு 23 அன்று, 40 டாலர் விலையில், அதாவது நம் நாணயத்தில் ஏறத்தாழ 3,300 ரூபாய்க்கு, விற்பனைக்கு வந்தது. கணினியில் ஆடுவோர் பெரிதும் நாடும் ஸ்டீம் என்னும் இணையக் கடையில், அதனை ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்ச எண்ணிக்கை 697. வெற்றி பெற்ற விளையாட்டுகளுக்கு அங்கே இலட்சக்கணக்கில் ஆள் கூடுவதுண்டு. செப்டம்பர் 6 அன்று கான்கார்ட் நிறுத்தப்பட்டது. வாங்கியோர்க்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அக்டோபர் இறுதியில் ஃபயர்வாக் நிறுவனமே மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பல்லாண்டு உழைத்த உழைப்பு பதினான்கு நாட்களில் மறைந்தது.

இதற்குக் காரணம் யாது? விலைதான் என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. இதே வகையில் முன்னோடியான ஓவர்வாட்ச் 2016-இல் வெளியாயிற்று. அதன் இரண்டாம் பதிப்பு 2022 முதல் இலவசமாகவே கிடைத்தது. இலவச ஆட்டங்கள், ஆட்ட மாந்தர்க்கு அணியும் உடை, அலங்காரம் முதலியவற்றை விற்றுப் பொருளீட்டுகின்றன. இலவசத் திடல்கள் பல இருக்க, காசு கொடுத்து ஒரு திடலுக்குச் செல்வோர் குறைவு. ஆயினும், அதே சோனி நிறுவனம் அதே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே 40 டாலர் விலைக்கு, ஹெல்டைவர்ஸ் 2 என்னும் விளையாட்டை வெளியிட்டது. அது பன்னிரண்டு வாரங்களில் ஒரு கோடியே இருபது இலட்சம் படிகள் விற்றது! ஆகவே விலை ஒன்றே காரணமன்று.

மக்கள் இவ்வகை ஆட்டத்தில் சலித்துவிட்டனர் என்பர் வேறு சிலர். 2024 டிசம்பரில் இதே வகையைச் சேர்ந்த மார்வெல் ரைவல்ஸ் இலவசமாக வெளிவந்தது. மூன்றே நாளில் ஒரு கோடிப் பேர் அதை ஆடினர். அதன் மாந்தர், திரைப்படங்களின் வாயிலாக உலகறிந்தவர்கள். கான்கார்டின் மாந்தர் பதினாறு பேரும் எவரும் அறியாதவர்கள். பார்த்தோர் உள்ளத்தை அவர்கள் கவரவும் இல்லை. ஆகவே சலிப்பும் முழுக் காரணமன்று.

இனி நம் ஊருக்கு வருவோம். பழவேற்காட்டுக் கரையில் மீன் ஏலம் நடப்பதைக் கண்டிருப்பீர்கள். வியாபாரிகள் பலர் கூடினால்தான் ஏலம். ஒருவரே வந்தால் அது ஏலமாகாது. மீன் வரும் இடத்துக்கு வியாபாரி வருகிறார். வியாபாரி வரும் இடத்துக்கே மீனும் வருகிறது. நன்கு நடக்கும் ஏலத்துறைக்குப் பக்கத்தில் பளிங்குக்கல் பாவிப் புதுத்துறை ஒன்றைக் கட்டினாலும், முதல் நாளில் அங்கே எவர் முந்திச் செல்வர்? கூட்டமுள்ள இடத்துக்கே கூட்டம் சேரும். நண்பர்களோடு ஓராட்டத்தில் பழகிவிட்டவன் புதிய ஆட்டத்துக்கு வரவேண்டுமாயின், அவனுடைய நண்பர்களும் உடன் வரவேண்டும். இஃது எளிதன்று.

மற்றொன்றும் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வந்தது. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்கள் சிலவே, வலைகளோ பல. ஆதலால் யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. விளையாடுவோரின் ஓய்வு நேரமும் அந்த ஏரியைப் போன்றதே. ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணிக்குமேல் இல்லை. அந்தச் சில மணிகளுக்காக உலகக் கம்பெனிகளெல்லாம் வலை வீசுகின்றன. அங்கே பாடு முறையும் இல்லை. பிந்தி வந்த படகு, எத்துணைப் பெரிதாயினும், வெறும் வலையோடு திரும்ப நேர்கின்றது.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் என்னும் ஆட்டத்தை நம் அரசு தடை செய்தது. அடுத்த சில நாட்களிலேயே பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் ஃபாஜி என்னும் ஆட்டம் பெரும் விளம்பரத்துடன் அறிவிக்கப்பட்டு, 2021 குடியரசு நாளன்று வெளியாயிற்று. நாட்டுப்பற்றால் இலட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்திருந்தனர். ஆனால் வெளியான நாளில் நண்பர்களோடு கூடி ஆடும் வசதி அதில் இல்லை. தனியே ஆடும் கதை மட்டுமே இருந்தது. கூடி ஆடிப் பழகியவர்கள் ஏமாற்றமடைந்தனர். அவ்வாண்டு ஜூலையில் பழைய ஆட்டம் பேட்டில்கிரவுண்ட்ஸ் என்னும் புதுப்பெயருடன் திரும்பியதும், கூட்டமும் அங்கே திரும்பிற்று.

ஆகவே, இத்தோல்விகளின் வேர் எது? ஆடுவோர் எதை விரும்புகின்றனர் என்பதைக் காலத்தில் கேட்டறியாமையே என்பது என் கருத்து. கான்கார்டைப் பொதுமக்கள் முன்னோட்டமாக ஆடிப் பார்த்தது 2024 ஜூலையில். விற்பனைக்கு ஒரு மாதமே எஞ்சியிருந்தது. கப்பலைக் கட்டி முடித்தபின் கடலின் ஆழத்தைக் கேட்டது போலாயிற்று. சோனியின் தலைவர்களுள் ஒருவரான ஹிரோகி டொடோகி, அவ்வாண்டு நவம்பரில், ஆடுவோரைக் கொண்டு சோதிக்கும் கட்டங்களை இன்னும் முன்னதாகவே வைத்திருக்க வேண்டுமென்று ஒப்புக்கொண்டார்.

இப்பாடத்தை நம் ஏரிக்கரை முன்பே கண்டதுண்டு. 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், நறுமணப் பொருள் விளையும் கீழைத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கைவிடச் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு மிகுதி என அறிந்தனர். எந்தத் தீவினர் எந்த நிறத்தையும் கரையையும் விரும்புகின்றனர் எனக் கேட்டறிந்து, அதற்கேற்ப நெய்யச் செய்து அனுப்பினர். அவர்கள் அடிமை வாணிகமும் செய்தவர்கள்; அவர்களைப் புகழ்வது என் நோக்கமன்று. வாங்குவோனை அறியாமல் வாணிகம் இல்லை என்பதே நான் சுட்ட விரும்புவது.

ஒரு வாரம் கழித்து அத்தந்தையிடம் நான் கூறியது இதுதான்: "ஒரு கம்பெனி தோற்றதால் தொழில் தோற்றதாகாது. ஆனால் பெருங்கம்பெனிக்கு ஒரு வலை கிழிந்தால் வேறு வலை உண்டு. உங்கள் வீட்டில் அந்த நகைகளைத் தவிர வேறில்லை. பையன் அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் பயிலட்டும். அந்த அறிவு பல தொழிலுக்கும் உதவும். விளையாட்டைச் சிறிய அளவில் தானே செய்து பழகட்டும்." மாணவனின் முகம் வாடிற்று. அதனை நான் மறைக்கவில்லை. இன்றும் அது என் நினைவில் உள்ளது.

சென்ற பொங்கல் விடுமுறையில் அவன் வந்தான். ஏரியில் வலை வீசும் சிறு விளையாட்டொன்றைத் தானே செய்து, குப்பத்துச் சிறுவர்களிடம் ஆடக் கொடுத்திருந்தான். "பாதியிலேயே எல்லோரும் விட்டுவிட்டார்கள், ஐயா" என்றான். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன். "பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் விடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். அந்த இடத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றான்.

மாணவர்களே! பெருஞ்செல்வர் பிந்திக் கற்ற பாடத்தை அவன் செலவின்றி, முந்திக் கற்றுக்கொண்டான். நீங்கள் எதைச் செய்யப் புகுந்தாலும், அது யாருக்காக என்று கேளுங்கள். அவர்களிடமே சென்று கேளுங்கள். முதல் நாளே கேளுங்கள்.