வெயிலுக்கு இங்கே மரியாதை

கோடை வெயிலை ஊரே திட்டுகிறது. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள டோபி கானாவில் மட்டும் அதற்கு ஏக மரியாதை.

இங்கே வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள், படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்க இவர்களுடைய முன்னோரைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தார்கள். 1795இல் டச்சு ஆட்சி முடிந்தது, இவர்கள் தங்கிவிட்டார்கள். இப்போதுள்ள டோபி கானா 1976இல் கட்டப்பட்டது.

கொடியில் துணி மாட்ட இங்கே கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்றடித்தாலும் பறக்காது. கஞ்சி போட்ட வேட்டி கோடையில் மளமளவென்று காய்ந்து மொடமொடக்கும். ஜூனில் பருவமழை இறங்கிவிட்டால் அதே வேட்டியோடு வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

மழையாவது சில மாதங்களில் விட்டுவிடும். வீட்டுக்கு வீடு வந்துவிட்ட வாஷிங் மெஷின் அப்படியல்ல. பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. துவைகல்லின் முன் நிற்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். டச்சுக்காரர்கள் போன பிறகும் நிலைத்த தொழில், இவர்களுக்குப் பிறகு யார் கைக்குப் போகும்?