14 வயதுச் சிறுவனைத் தூக்குமேடை வரை கொண்டுபோன 'அரை மணி நேரம்'!

இரவு 7.15 மணியிலிருந்து 7.45-க்குள் அந்தச் சிறுமி இறந்திருக்கிறாள்... பிரேத பரிசோதனை செய்த டாக்டர் நீதிமன்றத்தில் சொன்னது இதுதான். 14 வயதுப் பள்ளி மாணவனுக்குத் தூக்குத் தண்டனை கிடைக்க முக்கியக் காரணமானது இந்தக் கணக்கு. இதில் அறிவியல் இல்லை என்று நீதிமன்றமே சொல்ல 48 ஆண்டுகள் ஆயின!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், கிளின்டன் அருகே இருந்த விமானப்படைக் குடியிருப்பு. 1959 ஜூன் 9-ம் தேதி மாலை, அங்கு வசித்த 12 வயதுச் சிறுமி காணாமல்போனாள். இரண்டு நாள்கள் கழித்து, பக்கத்துத் தோப்பில் கழுத்து நெரிக்கப்பட்ட நிலையில் சடலமாகக் கிடைத்தாள். பாலியல் வன்கொடுமையும் நடந்திருந்தது.

அன்று மாலை அவளைத் தன் சைக்கிளில் ஏற்றிச் சென்றவன், பள்ளித் தோழன் ஸ்டீவன் ட்ரஸ்காட். நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டதாகவும், அங்கே அவள் ஒரு காரில் ஏறியதைப் பார்த்ததாகவும் சொன்னான். 8 மணி வாக்கில் அவன் பள்ளி மைதானத்தில் இயல்பாக நின்றதைப் பலர் பார்த்தார்கள். ஆக, அவள் இறந்தது 7.45-க்கு முன்பா, பின்பா என்பதில்தான் அவன் உயிரே தொங்கியது.

இரைப்பை சொன்ன கணக்கு

சிறுமி கடைசியாகச் சாப்பிட்டது மாலை 5.45 வாக்கில். இரைப்பையில் உணவு பெருமளவு செரிக்காமல் இருந்ததால், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிட்டாள் என்றார் டாக்டர் ஜான் பெனிஸ்டன்.

ஆனால், செரிமானம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்து அது மாறும். பயமும் பதற்றமும் அதை வெகுவாக மந்தமாக்கிவிடும். உடல் விறைப்பும் அப்படித்தான்; வெயில், குளிர், உடல்வாகு என எல்லாமே அதைப் பாதிக்கும். சடலத்தின் வெப்பநிலையை முறையாக அளந்து கணக்கிட்டால்கூட, இன்றைக்கும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்பின் ஆகலாம். இறந்த உடல் 'இந்த நேரத்திலிருந்து இந்த நேரத்துக்குள்' என்று தோராயமாகச் சொல்லுமே தவிர, கடிகாரம்போல மணி காட்டாது.

தப்பிய உயிர்

1959 டிசம்பர் 8-ம் தேதி தூக்கிலிட நாள் குறித்தார்கள். நல்லவேளையாக, தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 1966-ல் கனடா உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரித்தும், எட்டு நீதிபதிகள் தண்டனையை உறுதிசெய்தார்கள். ஒருவர் மட்டுமே மறுத்தார். 1969-ல் பரோலில் வந்த ட்ரஸ்காட், பல ஆண்டுகள் வேறு பெயரில் வாழ்ந்தார்.

பிறகு வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இரைப்பையை வைத்து அரை மணி நேரத் துல்லியம் சொல்லவே முடியாது. மரணம் மறுநாள்கூட நடந்திருக்கலாம் என்று சாட்சி சொன்னார் தடயவியல் மருத்துவர் மைக்கேல் பொலனன். 2007 ஆகஸ்ட் 28-ம் தேதி, நீதி பிழைத்துவிட்டது என்று சொல்லி ட்ரஸ்காட்டை விடுவித்தது ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம். அடுத்த ஆண்டு 65 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு கிடைத்தது. அப்போது அவருக்கு 63 வயது!

சந்தேக மரணச் செய்திகளில் 'இத்தனை மணிக்கு இறந்தார்' என்று படித்தால், எதை வைத்துச் சொல்கிறார்கள், எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று கேளுங்கள். மருத்துவக் கணக்கோடு சாட்சிகள், கேமரா பதிவு, போன் அழைப்புகள் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

அந்த அரை மணி நேரத்தை நம்பியதால் ஏமாந்தது ட்ரஸ்காட் மட்டுமல்ல. சிறுமியைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.