கணினி மந்தமானால் முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்



பெட்டியடியில் இருந்த பேரேடு இன்று கணினிக்குள் போய்விட்டது. பேரேட்டைச் செல் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணக்கைத் தாங்கும் ஹார்டு டிஸ்க் கெடுவது தெரியாது. ஒரு தீபாவளிச் சமயம், புதுப்பட்டினத்தில் எங்கள் மொத்தக் கடையில் ஒரு பில் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. பழுது பார்க்க வந்தவர் டிஸ்க்கை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். வேகம் வந்தது, மூன்று மாதப் பாக்கிக் கணக்கு போயிற்று. பாக்கிதாரர்களில் பலர் தாமே தொகையைச் சொன்னார்கள். சிலருக்கு ஞாபகம் வரவில்லை. பிரதி எடுத்து வைக்காதது எங்கள் தவறு.

டிஸ்க்கினுள் தகடு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். படிக்கும் முனை அதைத் தொடாமல் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் மிதக்கும். திடீர் மின்தடை, அதிர்வு, சூடு ஆகியவை அதற்கு ஆகா. நம் கல்பாக்கம் கடலோரத்தில் ஷட்டரை அரிக்கும் உப்புக்காற்று, கணினியின் இணைப்பு முனைகளையும் அரிக்கும்.

ஆகவே கணினி மந்தமானால் செய்ய வேண்டியவை:

1. முதலில் கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுக்கவும். மற்றவை பிறகுதான்.

2. மின்சாரத்தைத் துண்டித்து, தூசி நீக்கி, டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி இறுக மாட்டவும். சில நேரம் கோளாறு இதுவாக இருக்கலாம்.

3. டிஸ்க் நிரம்பியிருந்தால் வேண்டாத படங்களை நீக்கி, ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைக்கவும். வைரஸ் சோதனையும் செய்யவும்.

4. 'டக், டக்' என்று ஓசை வந்தால் உடனே நிறுத்தவும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தகடு கீறும். டிஸ்க்கைத் திறக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

பழைய டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தகடு இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் நன்றாகக் கூடும். ஆனால் அது ஓசையின்றியே செயலிழக்கக்கூடும்; பிரதி அதற்கும் வேண்டும். யு.பி.எஸ். அவசியம்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு விவரம் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும். டிஸ்க் கெட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

இப்போது நாங்கள் தினமும் கல்லாவைப் பூட்டுமுன் பிரதி எடுக்கிறோம். இரண்டு பென் டிரைவ்கள்: ஒன்று கடையில், ஒன்று வீட்டில். வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றிவிடுகிறோம். ஐந்து நிமிட வேலை. மூன்று மாதப் பாக்கியை விட மலிவு.