மஸ்டாங் கேட்ட மருமகனுக்குக் கான்டெஸா

படகு இன்ஜின் பிரிக்கிறவனிடம் போய்க் கார் யோசனை கேட்கிறார்களே என்று சிரிக்க வேண்டாம். எனக்கு வீடு சுரக்குடி, வேலை காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுகளோடு. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைக் கடலோரத்து மெக்கானிக்கை விட யாரும் நன்றாகச் சொல்லிவிட முடியாது. பழைய கார் வாங்குவதில் பாதி அந்த விஷயம்தான். மீதிப் பாதி காகிதம்.

கத்தாரில் வேலை செய்யும் அக்கா மகன் சில மாதங்களாக என்னை விடுவதில்லை. "மாமா, எழுபது மாடல் மஸ்டாங். இன்ஜின் மாத்தி, வீல் மாத்தி, கறுப்பு அடிச்சு வச்சிருக்கான். ஊருக்குக் கொண்டுவந்துடலாமா?" என்று கேட்டு வீடியோ அனுப்புகிறான். ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வி-8 இன்ஜின் நின்ற இடத்தில் உறுமும் சத்தத்தை போனில் கேட்டபோது எனக்கே கை பரபரத்தது.

மஸ்டாங் போன்ற மஸில் கார்கள் அமெரிக்காவில் பணக்காரன் வண்டியாகத் தொடங்கவில்லை. 1964-ல் போன்டியாக் கம்பெனி, தன் நடுத்தரக் குடும்பக் காரில் பெரிய வண்டிகளுக்கான 6.4 லிட்டர் இன்ஜினைத் தூக்கிவைத்து ஜி.டி.ஓ. என்று பெயர் சூட்டியது. 325 குதிரைசக்தி. அந்த மாற்றத்துக்குக் கூடுதல் விலை 296 டாலர்தான். வேலைக்குச் சேர்ந்த இளைஞன் தவணையில் வாங்கலாம். அதே வருஷம் ஃபோர்டின் மஸ்டாங், பிறகு டாட்ஜ் சார்ஜர், செவ்ரலே கமாரோ என்று வரிசையாக வந்தன. 1970-க்குப் பிறகு இன்சூரன்ஸ் கட்டணம் எகிறியது, புகைக்குக் கட்டுப்பாடு வந்தது, 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பத்து வருஷ ஆட்டம், முடிந்தது.

அந்தப் பத்து வருஷமும் நம் நாட்டுக் கதவு சாத்தியிருந்த காலம். அதற்கு முன்னால் அமெரிக்கக் கார் நமக்குப் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார் பூட்ட ஆரம்பித்தது. ஃபோர்டும் இங்கே கார் பூட்டியது. உதிரிபாகத்தை வரவழைத்துப் பூட்டினால் போதாது, இங்கேயே செய்ய வேண்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் அரசாங்கம் சொன்னதும் இரண்டும் கடையைக் கட்டின. அதன் பிறகு வந்த ஒன்றிரண்டும் தூதரகத்துக்காரர்கள் விட்டுப்போனவை. ஆகையால் நம் ஊர்த் தோப்பு வீட்டுக் கொட்டகையில் மறந்துபோன டாட்ஜ் சார்ஜர் ஒன்று கிடக்கும் என்று யாராவது புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள்.

வெளியிலிருந்து கொண்டுவரலாமா? ஓடிய காரை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அதற்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். வளைகுடா வண்டிகள் இடது பக்கம். அந்த வழி அடைபட்டது. இன்னொரு வழி பழம்பொருள் கணக்கு. முன்பு 1950-க்கு முந்தைய வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. 2025-ல் அதை ஐம்பது வயது தாண்டிய வண்டி என்று மாற்றினார்கள். எழுபது மாடல் மஸ்டாங் அதற்குள் வந்துவிடும். மருமகன் துள்ளினான்.

நான் அடுத்த பக்கத்தைப் படித்துக் காட்டினேன். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயதான வண்டியை 'விண்டேஜ்' என்று பதிய 20,000 ரூபாய், 'வி.ஏ.' என்று தனி நம்பர் வரிசை, பத்து வருஷச் செல்லுபடி. ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அவன் காட்டும் வண்டியில் கம்பெனி கொடுத்தது என்று மிஞ்சியிருப்பது கதவும் கண்ணாடியும்தான். தப்பித்தவறிப் பதிந்தாலும் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று எடுக்கலாமே தவிர, அம்மாவை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை திருநள்ளாறு போக முடியாது. இறக்குமதி வரியைக் கேட்டபோது அவனே போனை வைத்துவிட்டான்.

பிறகுதான் நான் கான்டெஸா பேச்சை எடுத்தேன். "வில்லன் வண்டியா மாமா?" என்றான். ஆமாம், எண்பதுகளின் படத்தில் வில்லன் இறங்குகிற அதே நீள வண்டி. அதன் வம்சம் அவனுக்குத் தெரியாது. 1972-லிருந்து 1978 வரை இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி செய்த விக்டர் வரிசைக் காரின் அச்சுதான் அது. வாக்ஸால் 1925 முதல் 2017 வரை அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் சொத்தாக இருந்தது. நீண்ட பானெட், நான்கு ஹெட்லைட், பின்சக்கரத்துக்கு மேல் இடுப்பு போல் எழும்பும் தகடு எல்லாம் டெட்ராய்ட் ரத்தம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்த அச்சுகளை வாங்கி, வங்காளத்து உத்தர்பாராவில் 1984-ல் கான்டெஸாவாக இறக்கியது. உள்ளே வைத்ததோ அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின், சுமார் 50 குதிரைசக்தி. ஜி.டி.ஓ.வில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை! பின்னால் ஜப்பானின் இசுஸு இன்ஜின், 1817 சி.சி. பெட்ரோல், ஐந்து கியரோடு வந்தது. அதுதான் வண்டி. டீசலும் ஒன்று வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது.

இன்று விற்பனைக்கு வருகிற கான்டெஸாக்களில் நிறைய வண்டிகளை யாராவது 'மஸில்' ஆக்கியிருக்கிறார்கள். அகல டயர், பானெட்டில் மூக்கு, மாற்று இன்ஜின், காது கிழியும் சைலன்ஸர். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. மாற்றியவன் விற்றுவிட்டுப் போய்விடுவான்; பிடிபடுகிறவர் இன்றைய ஓனர். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரருக்கும் அதுவே சாக்கு.

அதனால் நான் வண்டியைப் பார்க்குமுன் ஆர்.சி. கேட்பேன். அமெரிக்காவில் சாதாரண போன்டியாக்கில் ஜி.டி.ஓ. எழுத்தை ஒட்டி விற்கிற பித்தலாட்டம் உண்டு. அங்கே வாங்குகிறவர்கள் இன்ஜின் நம்பரும் பாடி நம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நமக்கு அதைவிடச் சுலபம். ஆர்.சி.யில் சி.சி. கட்டத்தில் 1489 என்று இருந்து, பானெட்டுக்குள் இசுஸு உட்கார்ந்திருந்தால், இன்ஜின் மாற்றியதை யாரும் ஆபீசில் சொல்லவில்லை என்று அர்த்தம். எரிபொருள் கட்டத்தில் பெட்ரோல், டேங்கில் டீசல் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். நம்பரைக் கண்ணால் படிப்பது போதாது. துணியால் துடைத்து, டார்ச் அடித்து, எழுத்தைச் சுற்றி அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது துரு. கான்டெஸாவுக்குத் தனி சேஸ் கிடையாது. தரைத்தகடும் பக்கத்தகடுமே வண்டியின் எலும்பு. லாரியில் பாடி துருத்தால் வேறு பாடி கட்டலாம். இதில் தரை போனால் வண்டியே போச்சு. என் பையில் ஸ்பீக்கர் காந்தம் ஒன்று இருக்கும், மெல்லிய துணி சுற்றி. பின்சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள் என்று நகர்த்திக்கொண்டே போவேன். காந்தம் பிடி விட்டால் அங்கே தகடு இல்லை, டிங்கர் அப்பிய பட்டிதான் இருக்கிறது. பெயின்ட் பளபளப்பாக இருக்கிற வண்டியில்தான் இதை அதிகம் செய்வேன். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கச் சொல்வேன். அந்தப் பள்ளத்தில்தான் மழைத்தண்ணீர் நிற்கும். கார்பெட்டை உரிக்கச் சொன்னால் சில ஓனர்களுக்கு முகம் மாறும். முகம் மாறினால் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

வெள்ளத்தில் முங்கிய வண்டியும் உண்டு. 2015 சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ கை மாறிவிட்டன. சீட் போல்ட்டின் மரையில், டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் சொருகும் இடத்தில் வண்டல் ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. படகிலும் அப்படித்தான்.

இன்ஜினைப் பற்றி நான் அதிகம் பேசாதது ஆச்சரியமாக இருக்கலாம். இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம். போர் அடிக்க, கிராங்க் கடைய லேத் இருக்கிறது. இசுஸு சாமான் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும், முன்கண்ணாடியும் விளக்குச் சட்டமும்தான் அலைய விடும். ஒன்றை மட்டும் விடாமல் பார்ப்பேன்: இன்ஜினைப் பெரிதாக்கியவன் பிரேக்கையும் கவனித்தானா? இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் தின்னும். நம் கடற்கரை ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த ரப்பர் எல்லாவற்றையும் வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

மருமகனுக்காக இப்போது ஒன்று பார்த்திருக்கிறேன், திருச்சிப் பக்கம். இசுஸு பெட்ரோல், ஆர்.சி.யிலும் 1817. சைலன்ஸரும் டயரும் மட்டும் மாற்று. பழைய சைலன்ஸரை ஓனர் பரணில் வைத்திருக்கிறார், அதையும் சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன். பின்வளைவில் கையகலத்துக்குப் பட்டி. அதற்குத் தனியாக விலை குறைக்கச் சொன்னேன், முனகுகிறார். தமிழ்நாட்டு வண்டி காரைக்காலின் பி.ஒய். 02 ஆக வேண்டுமென்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் நம்பர் ஃபாரத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே பெயர் மாற்றத்துக்கு 29, 30, பிறகு நம் பக்க ரோட் டாக்ஸ். இருபது வருஷம் தாண்டிய கார் என்பதால் பதிவைப் புதுப்பிக்க 2025 முதல் 10,000 ரூபாய்.

மருமகன் முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறேன் என்கிறான். என்.ஓ.சி. என் கைக்கு வரட்டும், அதுவரை அட்வான்ஸ் மட்டும்தான் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். கறுப்பு பெயின்ட் பேச்சை இருவருமே இன்னும் எடுக்கவில்லை. ஆர்.சி.யில் நிறம் வெள்ளை என்று இருக்கிறது. அதை மாற்ற இன்னொரு தடவை ஆபீஸ் படி ஏற வேண்டும். அது அவன் லீவில் வரும்போது அவன் பாடு.